போன வகுப்பில் நான் சொன்ன தப்பு

பழனி நீதிமன்றக் கேன்டீனில் அன்றைய முதல் டீயைக் கையில் வாங்கியபோது கொடைக்கானலிலிருந்து பிலோமினா அம்மையாரின் கணவர் டேனியல் சார் அழைத்தார். "சண்முகம் சார், பிலோமினா நம்மள விட்டுட்டுப் போயிட்டா" என்றார். காலையில் எழுந்ததும் நெஞ்சு வலி என்றிருக்கிறார். "ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும், எந்த ரோட்டுல வெரசா போகலாம்னு டிரைவர்கிட்ட வாதாடிக்கிட்டே வந்தா சார். வாசல்ல எறக்கயில பேச்சு நின்னுருச்சு." கண்ணீர் முட்டிக்கொண்டு வந்த நான், அந்த டிரைவரை நினைத்து இடையில் சிரித்தும் விட்டேன். பக்கத்தில் நின்ற நண்பர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். வழக்கறிஞர் பிலோமினா அவர்கள் கொடைக்கானலில் பிறந்தவர். சென்னையில் பல ஆண்டுகள் சினிமா கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதிக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை, கிறிஸ்தவப் பங்குக் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் எங்களைப் போன்ற வழக்கறிஞர்களுக்கு வகுப்பு எடுத்தார். பதிப்புரிமை, டிரேட் மார்க், சினிமா ஒப்பந்தம், இணையச் சட்டம் ஆகியவையே பாடங்கள். பழனி, திண்டுக்கல், பெரியகுளம் பக்கத்திலிருந்து நாங்கள் மலையேறிப் போவோம். வரப்புத் தகராறும் விபத்து இழப்பீடுமாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். சட்டக் கல்லூரியில் நாங்கள் படித்த காலத்தில் இந்தப் பாடங்களைக் கேள்விப்பட்டதோடு சரி. அம்மையார் என்னைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவர் முன்னால் நான் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்.

அடக்கம் முடிந்த மறுவாரம் டேனியல் சார் என்னை வீட்டுக்கு வரச்சொன்னார். அவர் பள்ளியில் உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். இணையத்தில் சட்டம் கற்பிக்கும் நிறுவனம் ஒன்று சில காலமாக அம்மையாரின் வகுப்புகளைப் பதிவு செய்துவந்தது. அந்தப் பதிவுகளை வைத்து அவர்கள் கணினியில் அவரது குரலை உருவாக்கிவிட்டார்கள். இனிப் புதிய பாடங்களையும் அந்தக் குரலே நடத்துமாம். கேள்வி கேட்டால் பதிலும் சொல்லுமாம். வாரிசு என்ற முறையில் கணவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் போதும். உண்மையைச் சொன்னால், எங்களில் பாதிப் பேருக்கு அதில் ஆசைதான். அவர் பேச்சு கேட்காத அந்த மண்டபத்தை எங்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"நான் ஒரு நாளும் அவ வகுப்புல ஒக்காந்தது கெடையாது சார்" என்றார் டேனியல் சார். "நான் வந்தா அவளுக்குச் சிரிப்பு வந்துரும், வராதீங்கன்னுட்டா. அங்க எப்படி இருப்பான்னு நீங்க சொல்லுங்க. அதக் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடுறதா வேண்டாமான்னு முடிவு பண்ணணும்."

அன்று அவரிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

நான் முதன்முதலில் அங்கே போனது அறிவுத் தாகத்தால் அல்ல. அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் ராஜேந்திரன் என்னுடைய பழைய கட்சிக்காரர். அவருடைய டப்பாவின் நிறம், மயில் படம், எழுத்தின் வளைவு எல்லாவற்றையும் எதிர்க்கடைக்காரர் அப்படியே எடுத்து அச்சடித்துவிட்டார். "வக்கீல் சார், ஏதாச்சும் பண்ணுங்க" என்று அவர் வந்து நின்றபோது, வேலியை நகர்த்தி வைத்தவன்மேல் போடுவதுபோல ஒரு புகார் எழுதலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதற்குமேல் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரோ இந்த வகுப்பைப் பற்றிச் சொன்னார்கள். மலைப்பாதை வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடியே போய்ச் சேர்ந்தேன். அன்றுதான் வகுப்பின் தொடக்க நாள்.

மண்டப வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் ஒன்று கட்டியிருந்தது. 'படைப்பாளியின் உரிமையைக் காப்போம்' என்று கொட்டை எழுத்து. பின்னணியில் கொடைக்கானல் ஏரியின் அழகான படம். அந்தப் படத்தின் குறுக்கே, அதை எடுத்த புகைப்படக்காரரின் பெயர் மங்கலாக ஓடிக்கொண்டிருந்தது! இணையத்திலிருந்து அம்மையாரே இறக்கிக் கொடுத்த படம். மங்கலாகத் தெரிந்த பெயரை ஃபிளெக்ஸ் கடைக்காரரும் கவனிக்கவில்லை, இவரும் கவனிக்கவில்லை. திண்டுக்கல் வழக்கறிஞர் அய்யாதுரைதான் கண்டுபிடித்தார். "மேடம், வகுப்பு தொடங்குமுன்னாடியே ஒரு கேஸ் கெடக்கு" என்றார்.

வேறொருவராக இருந்தால் முகம் சிவந்திருக்கும். அம்மையார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னைக்குப் பாடமே இதுதான். எம்மேல என்னென்ன போடலாம், எல்லாரும் சொல்லுங்க பாப்போம்" என்றார். நாங்கள் வரிந்து கட்டிக்கொண்டு அவர்மேல் வழக்குப் போட்டோம். அவரே தனக்காக வாதாடித் தோற்றார். மத்தியானம் அந்தப் புகைப்படக்காரரைத் தேடிப்பிடித்து, எல்லார் காதிலும் விழும்படி போனில் மன்னிப்புக் கேட்டார். அவர் மகிழ்ந்துபோய் அனுமதி கொடுத்தார். இறக்கி வைத்திருந்த ஃபிளெக்ஸ் அதன்பிறகே மறுபடி ஏறியது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் உண்டாயிற்று. ஒவ்வொரு வகுப்பையும் அவர் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குவார். "வணக்கம். போன வகுப்புல நான் சொன்ன தப்பு என்னான்னா..." அதைக் கேட்பதற்காகவே பெரியகுளத்திலிருந்து ஒருவர் வெள்ளனே முதல் பஸ் பிடித்து வருவார். தப்பு இல்லாத மாதங்களில் அம்மையாருக்கே முகம் வாடிவிடும். "யாருமே சரியாக் கவனிக்கலபோல" என்று எங்களைத் திட்டுவார்.

ஒரு முறை, கல்யாண வீட்டில் எடுத்த போட்டோவின் பதிப்புரிமை யாருக்கு என்ற கேள்வி வந்தது. பேச்சு வாக்கில், எடுத்தவருக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் அய்யாதுரையின் மைத்துனர் ஸ்டுடியோ வைத்திருப்பவர். அவருக்குச் சாதகமான பதில்தான், பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அய்யாதுரை எழுந்து, அது சரியில்லை என்று சட்டப் பிரிவோடு சண்டைக்குப் போனார். அடுத்த மாதம் அம்மையார் வந்து, "காசு குடுத்து எடுக்கச் சொன்ன வீட்டுக்காரருக்குத்தான் அது சொந்தம், வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரைக்கும். நான் சொன்னது தப்பு, அய்யாதுரை சொன்னது ரைட்டு" என்றார். அய்யாதுரை எழுந்து நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டார். ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அவருடைய அலம்பல் தாங்க முடியவில்லை.

சினிமா ஒப்பந்தப் பாடத்தை மறக்கவே முடியாது. ஒப்பந்தத்தை ஆளுக்கொரு பத்தியாக வில்லன் குரலில் வாசிக்கச் சொல்வார். 'இப்போதுள்ளதும் இனிக் கண்டுபிடிக்கப்படுவதுமான எல்லா ஊடகங்களிலும், இப்பிரபஞ்சம் முழுவதிலும்' என்ற வரி எனக்கு வாய்த்தது. நான் அடிவயிற்றிலிருந்து முழங்கினேன். "ஏன் மேடம், நிலாவுல தியேட்டர் கட்டுனாலும் பாட்டோட உரிமை கம்பெனிக்குத்தானா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமாண்ணே. பாட்டு எழுதுனவர் நிலாவுக்கே போய் நின்னாலும் டிக்கெட் வாங்கித்தான் கேக்கணும்" என்றார் அம்மையார். சிரித்து ஓய்ந்த பிறகு, பாட்டு எழுதியவர் எதை எழுதிக் கொடுக்கலாம், எதை எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்பதை ஒரு மணி நேரம் புரியவைத்தார். சிரிக்காமல் படித்த எதுவும் எனக்கு இந்த அளவுக்கு நினைவில் நின்றதில்லை.

ராஜேந்திரனின் வழக்கை அம்மையாரிடமே ஒப்படைத்துவிடலாம் என்று இருந்தேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அண்ணே, இது உங்க கட்சிக்காரர். நீங்கதான் நடத்தணும். தப்பு பண்ணுங்க, நான் பின்னாடி ஒக்காந்து பாத்துக்கிறேன்" என்றார். சொன்னபடியே திண்டுக்கல் நீதிமன்றத்தில் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். நீதிபதி முன்னால் இரண்டு டப்பாக்களையும் வைத்துவிட்டு, எது என் கட்சிக்காரருடையது என்பதை நானே மாற்றிச் சொல்லிவிட்டேன். எதிர்க்கட்சி வக்கீல் துள்ளி எழுந்தார். "மன்னிக்கணும், நான் சொன்னது தப்பு. ஆனா இத்தன மாசமா இந்தக் கேஸ நடத்துற எனக்கே எது எதுன்னு தெரியலன்னா, வாங்க வர்ற பக்தருக்கு எப்படிங்க தெரியும்?" என்றேன். நீதிபதி சிரித்துவிட்டார். இடைக்காலத் தடை கிடைத்தது. அந்த வாதத்தை நான் யோசித்து வைத்திருந்ததாக இன்றைக்கும் சிலர் நம்புகிறார்கள்.

இவ்வளவையும் டேனியல் சார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று தொடையில் தட்டிச் சிரித்தார். "மாசா மாசம் தப்புன்னு ஒத்துக்கிட்டாளா? வீட்டுல இத்தன வருசத்துல ஒரு தடவகூடச் சொன்னதில்லையே சார்!" இருவரும் வெகுநேரம் சிரித்தோம்.

அதன்பின் அந்த நிறுவனம் அனுப்பியிருந்த மாதிரிப் பாடத்தைப் போட்டுக் காட்டினார். அம்மையாரே பேசினார். அதே கணீர்க் குரல், அதே இழுவை. கல்யாண போட்டோ பாடம்தான். 'எடுத்தவருக்கே சொந்தம்' என்று அந்தக் குரல் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தது.

நான் உடனே அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டேன். பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "முதல் பத்து நிமிஷத்த எல்லா வகுப்புலயும் எடிட் பண்ணி எடுத்துட்டோம் சார். பழைய தப்பப் பத்தியே பேசுறாங்க, கேக்குறவங்களுக்குக் குழப்பமா இருக்கும்னு. இது ஒண்ணும் பெரிய வேல இல்ல சார், இன்னைக்கே சரி பண்ணிடலாம்." தப்பைத் திருத்திவிடலாம் என்பது உண்மைதான். போனை வைத்துவிட்டு டேனியல் சாரைப் பார்த்தேன்.

"நானும் ஒண்ணு கேட்டுப் பாத்தேன் சார்" என்றார் அவர். "கேள்விக்குப் பதில் சொல்லும்னாங்கல்ல. நேத்து தனியா ஒக்காந்து, 'சாயங்காலம் மீன் வாங்கட்டுமா'ன்னு கேட்டேன். 'நல்ல யோசனை'ன்னுச்சு." எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். "வீட்டுக்குள்ள மீன் வந்தா பிலோமினா வெளிய போயிருவா சார். அவ கொரலுக்கு நான் ஏங்கிக் கெடக்கேன். ஆனா நான் சொல்றதுக்கெல்லாம் சரிங்குற கொரல வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

அவர் கையெழுத்துப் போடவில்லை. பழைய பதிவுகளை மட்டும், முதல் பத்து நிமிடத்தை வெட்டாமல், விரும்பியவர்கள் கேட்கும்படி வெளியிடச் சம்மதித்தார்.

இரண்டாவது சனிக்கிழமை வந்தது. வகுப்பை நிறுத்தக்கூடாது என்று எல்லோரும் சேர்ந்து என்னைப் பிடித்து முன்னால் நிறுத்திவிட்டார்கள். டேனியல் சாரும் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு யாருக்குச் சொந்தம் என்பதைப் பாடமாக எடுத்தேன். பேசியவருக்கு, அவருக்குப் பின் அவருடைய வாரிசுக்கு. அதில் சந்தேகமில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் டேனியல் சார் கையைத் தூக்கினார்.

"அவ எடுத்த பாடம் எனக்கு வரும்னு சொல்றீங்க. சரி. அவ கொரல்? ஆள் போன பெறகு அது யாருக்கு?"

வாரிசுக்குத்தான் என்றேன் நான். "அதெப்படிண்ணே? அது ஒடம்போட சேந்ததுல்ல, ஒடம்போட போச்சு" என்று அய்யாதுரை எழுந்தார். ஒருவருக்கும் சொந்தமில்லை என்றாகிவிட்டால் எவனும் எடுத்துக்கொள்வானே என்று பெரியகுளத்துக்காரர் மேசையைத் தட்டினார். இதற்கு நேரடியாகப் பதில் சொல்லும் சட்டமே இங்கே இல்லை என்று பின்னாலிருந்து ஒரு பெண் வழக்கறிஞர் கத்தினார். ஒருவர் பேச ஒருவர் மறுக்க, மண்டபமே சந்தைக்கடை ஆயிற்று. மணியடிக்கும் கோயில் பிள்ளை ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

டேனியல் சாரோ கைகளைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அருகில் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பத்தான் சார், அவ பேசுறது காதுல விழுது" என்றார்.

பிலோமினா அம்மையாரே, அந்தக் கேள்விக்கு எங்களுக்கு இன்னும் பதில் தெரியவில்லை. நாங்கள் சொன்னவற்றில் பாதி தப்பாகத்தான் இருக்கும். நிம்மதியாகப் போய் வாருங்கள். எழுந்து மறுத்துப் பேச இங்கே ஆள் இருக்கிறது.