பதில் வரும்வரை உட்கார்ந்திருந்தவர்

ஸ்ரீவில்லிபுத்தூர் மருந்துக் கடையில் மாத்திரை வாங்க நின்றபோதுதான் அந்தச் செய்தி எனக்கு வந்தது. கடைக்காரர் என் பழைய சீட்டை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தார். "இத எழுதுன டாக்டர் காலையில தவறிட்டாகளாம்மா. ராஜபாளையத்துல இருந்து போன் வந்துச்சு" என்றார். மாத்திரை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ராஜபாளையத்தில் டாக்டர் பொன்னையாவின் கிளினிக்கில் காத்திருந்த உங்களுக்கு அவருடைய பேச்சு நினைவிருக்கும். ஆண்களை 'ஏலே' என்பார், பெண்களை 'ஏட்டி' என்பார். கான்வென்டில் படித்த எனக்கு அது பிடிக்காது. ஒருமுறை சொல்லியும் விட்டேன். "ஒங்கள அப்படிக் கூப்பிடலியே தாயி. எனக்கும் பயம் உண்டுல்லா" என்றார்.

எண்பதுகளின் நடுவில் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் வைத்திருந்தவர் அவர். மதுரையில் உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். கால் தேறியது. பேச்சு குழறினாலும் புரிந்தது. வலது கைக்குப் பயிற்சியாக ரப்பர் பந்தைப் பிசையச் சொன்னார்கள். அவர் அதைத் தொடவே இல்லை. சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். விடிவதற்கு முன்பே விழித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தார். ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்த உறவினர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, "எம்புட்டு கம்பீரமா இருந்த மனுசன்" என்று அவர் காதுபடவே அழுதார்கள். வாதம் வந்தவர் சோர்ந்துதான் கிடப்பார் என்பது எல்லோருடைய முடிவு. எனக்கு அது பிடிவாதமாகப் பட்டது.

ரத்த அழுத்தம் பார்க்க வந்த டாக்டர், "தூக்கம் எப்படி?" என்று அவரைக் கேட்டார்.

"நன்றாகத் தூங்குகிறார்" என்றேன்.

"சாப்பாடு?"

"சாப்பிடுகிறார்."

நம் வீடுகளில் படுத்திருப்பவருக்காக நாம்தான் பேசுவோம். குறை சொன்னால் வீட்டுக்கு மரியாதை இல்லை. டாக்டர் என் பக்கம் திரும்பினார். "சீக்கு ஒங்களுக்கா, அவியளுக்கா? செத்த நேரம் எல்லாரும் வெளிய இருங்க."

கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்டூலைத் தலைமாட்டுக்கு இழுத்து உட்கார்ந்தார். கதவு சாத்தியிருக்கவில்லை. "அண்ணாச்சி, செத்துப் போயிருந்தா நல்லாருக்கும்னு தோணுதா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. இப்படியா கேட்பது என்று உள்ளே போகக் காலெடுத்தேன். ஆனால் உள்ளே பேச்சே இல்லை; வாசலிலேயே நின்றேன். டாக்டர் வேறெதையும் பேசி அந்த மௌனத்தை நிரப்பவில்லை. வெகுநேரம் கழித்து என் கணவரின் குரல் வந்தது.

"தெனமும்."

அதன்பின் அவர் அழுத அழுகையை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

வெளியே வந்த டாக்டர், "இது பிடிவாதம் இல்லம்மா. வாதத்துக்குப் பொறவு பல பேருக்கு வருது. மனச்சோர்வு. இதுவும் நோய்தான், மருந்து இருக்கு. இத விட்டுட்டுக் கைய மட்டும் பாத்தா கையும் தேறாது" என்றார்.

என் கொழுந்தனார் குறுக்கிட்டார். "பைத்தியத்துக்குக் குடுக்குற மாத்திரையா? வெளிய தெரிஞ்சா என் மகனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"ஒமக்கு மருமக வேணுமா, அண்ணன் வேணுமா? மொதல்ல அதச் சொல்லும்."

இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, குறைந்த அளவில் ராத்திரி மாத்திரை ஒன்று எழுதினார். "வாய் உலரும். கொஞ்ச வாரத்துக்குப் பலன் ஒண்ணும் தெரியாது. அவசரப்பட்டு நிறுத்திப்புடாதீக. பாக்க வாரவுக ஒவ்வொருத்தரா வரட்டும், தறியப் பத்திப் பேசட்டும்" என்றார். மாத்திரை அவர் கைக்கு எட்டாமல் என் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதையும் தனியாக அழைத்துச் சொன்னார். ராஜபாளையத்திலிருந்து பஸ் பிடித்து வாரந்தோறும் வந்தார். வந்தபோதெல்லாம் கடிகாரம் பைக்குள் போனது.

ஒரு நாள் காலை, கணக்கப்பிள்ளை கொண்டுவந்த துணியை என் கணவர் இடது கையால் தடவிப் பார்த்தார். "ஏலே, இது துணியா, கொசுவலையா?" என்று கத்தினார். நான் அடுக்களைக்குள் போய் நின்று அழுதேன். அன்று மாலை பந்தை அவரே கேட்டு வாங்கினார். அதற்குப் பிறகு சில ஆண்டுகள் அவர் எனக்குக் கிடைத்தார். அவர் காலமானபின், "நீங்க தூங்குதீகளா தாயி?" என்று என்னைக் கேட்டவரும் அந்த டாக்டர் மட்டும்தான்.

சென்ற ஆண்டு டாக்டருக்கே பக்கவாதம் வந்தது. பார்க்கப் போனேன். "நல்லா இருக்காக. எல்லாம் அறிஞ்சவுக, எதுக்கும் கலங்கல" என்றார் அவருடைய மனைவி. கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். டாக்டர் சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

எல்லோரையும் வெளியே இருக்கச் சொன்னேன். கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பையில் போட்டேன். அன்று என் கணவரிடம் அவர் கேட்ட கேள்வியை அவரிடமே கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவர் கண்ணீர் வழிந்து தலையணையில் இறங்கியது.

"தெரியுது தாயி. என்ன நோயின்னு எனக்கே தெரியுது. சொல்லத்தான் வாய் வரல."

அவரிடம் தொழில் பழகிய இளைய டாக்டரை அன்றே வரவழைத்தேன். மாத்திரை தொடங்கியது. சில வாரங்கள் கழித்துப் போனபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "வா ஏட்டி" என்றார். நான் திருத்தவில்லை. இப்போது இரண்டாவது முறை வந்த வாதம் அவரைக் கொண்டுபோய்விட்டது.

யார் வீட்டில் யார் படுத்திருந்தாலும், கடிகாரத்தைக் கழற்றிவிட்டு அவரையே கேட்டு, பதில் வரும்வரை உட்கார்ந்திருக்கிறேன். டாக்டரிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான். இந்த நாட்களில் என்னைப் பார்க்க வருகிறவர்கள், "அம்மா எப்படி இருக்காக?" என்று என் மகனிடம் கேட்கிறார்கள். "நல்லா இருக்காக" என்கிறான் அவன். நான் மறுப்பதில்லை. என்னை உட்கார்ந்து கேட்கிறவர் போய்விட்டார்.