கற்பூரத்தில் காய்ச்சிய ஊசி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் தேரடியில் இருந்த என் பூஜைச் சாமான் கடைக்குப் படித்தவர்களும், செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கிய வெள்ளைக்காரர்களும் தந்தச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அசலா போலியா என்று கேட்க. எலும்பென்றால் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். தந்தத்தின் வெட்டுவாயில் மெல்லிய கோடுகள் வலைபோல ஓடும். தந்தம்போலவே செய்கிற செல்லுலாய்டு என்றால் காய்ச்சிய ஊசி உள்ளே இறங்கும், கற்பூர வாடை அடிக்கும். எவனும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டது.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை தீபத்தன்று காலை, ஊரிலிருந்து வந்த மாமியார் நேராகக் கடைக்கே வந்து, மடியிலிருந்து ஒரு குங்குமச் சிமிழை எடுத்தார். தன் தாய் கொடுத்த தந்தச் சிமிழ், இனி மகளுக்கு என்றார். கடையில் ஏகக் கூட்டம். நாலு பேர் பார்க்க என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட ஆசை வந்துவிட்டது. எப்போதும் எண்ணெய் விளக்கில் காய்ச்சுகிற ஊசியை, அன்று அவசரத்தில், விற்க வைத்திருந்த கற்பூரத்தில் ஒரு கட்டியைக் கொளுத்திக் காய்ச்சினேன். சிமிழின் அடியில் வைத்து அழுத்தினேன். கற்பூர வாடை கம்மென்று வந்தது.

"அத்தை, இது தந்தம் இல்லீங்க. சீப்பு செய்யற செல்லுலாய்டு. எவனோ உங்க தலையில கட்டிட்டான்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"எங்கம்மா சாகறப்ப கையில குடுத்ததுங்க, மாப்பிள்ளை. பொய்யா குடுத்திருப்பாங்க?" என்றார் அவர்.

சிமிழை அங்கேயே வைத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். தீபம் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. பேச்சு மட்டும் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது.

எட்டு நாள் கழித்து, சிமிழின் அடியில் ஊசி வைத்த இடத்துக் கரியைத் துடைத்துப் பார்த்தேன். ஊசி மயிரளவும் இறங்கியிருக்கவில்லை. அடிப்பக்கத்தில் வலைபோல அந்தக் கோடுகள். வாடை சிமிழிலிருந்து வரவில்லை, நான் கொளுத்திய கற்பூரத்திலிருந்து வந்தது.

அன்றே பஸ் ஏறியிருக்க வேண்டும். தப்பாகச் சொன்னான் என்று தெரிந்தால் அப்புறம் எவன் என்னைத் தேடி வருவான்? அந்த நினைப்பிலேயே இரண்டு வருஷம் ஓட்டினேன். அதற்குள் மாமியார் போய்ச் சேர்ந்தார்.

காரியம் முடிந்து வந்ததும் மனைவியிடம் சிமிழை நீட்டி, அசல்தான் என்றேன். அவள் கையில் வாங்கவில்லை.

"எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியுங்க. இப்ப யாருக்குச் சொல்றீங்க?"

அதற்கப்புறம் நான் பார்த்துச் சொன்ன ஒரு தந்தமும் தப்பியதில்லை, தேரடியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சிமிழ் என் பெட்டியில் கிடக்கிறது. அவள் இன்றைக்கும் தகர டப்பாவிலிருந்துதான் குங்குமம் எடுத்து வைத்துக்கொள்கிறாள்.