சரிதானே அக்கா

ஒரு வரி தட்டுவார். என்டர். வந்த பதிலைத் திரையில் விரலால் தொட்டுப் பார்ப்பார். பிறகு பக்கத்து மேசைக்காரனான என் பக்கம் திரும்பி, "சரிதானே?" என்பார். நான் தலையாட்டுவேன். அடுத்த வரி.

அலுவலகத்தில் அவருக்குப் பெயரே சரிதானே அக்கா என்று ஆகிவிட்டது. அது அவருக்கும் தெரியும். "கேக்காம இருந்து மாட்டிக்கிறதுக்கு, கேட்டுட்டுக் கேலி வாங்கிக்கிறேன். உங்களுக்கென்ன நஷ்டம்?" என்பார்.

எங்கள் நிறுவனம் குறைமாதக் குழந்தைகளை வைத்துக் காக்கும் இன்குபேட்டர் பெட்டிகளைச் செய்கிறது. எப்போது சூடேற்ற வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்கும் நிரலை எழுதுபவர் அக்கா. எழுதுவது சி என்ற கணினி மொழியில். மற்றவர்கள் அதை எழுதி முடித்துக் கம்பைலர் என்ற மென்பொருளிடம் கொடுப்பார்கள். அது முழு நிரலையும் வாங்கிக்கொண்டு, இயந்திரத்துக்குப் புரியும்படி மொத்தமாக மாற்றித் தரும். எங்கள் பழைய கணினியில் அந்த வேலை முடிவதற்குள் ஒரு காபி குடித்துக் கோப்பையையும் கழுவி வைத்துவிடலாம். அக்காவுக்கு மட்டும் அந்தக் காபி தொண்டையில் இறங்காது. "உள்ள என்ன நடக்குதுன்னே தெரியாம எப்படித்தான் நிம்மதியா உக்காந்திருக்கீங்களோ!"

அதனால் அவர் எங்கிருந்தோ இன்டர்பிரிட்டர் என்ற இன்னொரு மென்பொருளைத் தேடிப் பிடித்துவந்தார். அதே சி மொழிதான், ஆனால் இது ஒவ்வொரு வரியையும் வாங்கி அங்கேயே ஓட்டிக் காட்டிவிடும். கேட்டவுடன் பதில். அக்காவுக்கென்றே யாரோ செய்து வைத்தது போல. ஒரு சங்கடம், திரையில் அது ஓடும் விண்டோவை மூடினால் அதுவரை சொன்னதையெல்லாம் அது மறந்துவிடும். ஆகவே அக்கா அதை மூடுவதே இல்லை. கூட்டிப் பெருக்க வருகிற அம்மாள் துடைப்பத்தோடு நெருங்கினாலே, "ஒயரு, ஒயரு! பாத்தும்மா!" என்று பதறி எழுந்து நிற்பார்.

வீட்டு நிர்வாகமும் வரிக்கு வரிதான். அச்சகத்தில் வேலை செய்யும் கணவருக்கு, ஒரு கேள்விக்கு ஒரு போன். "கேஸ மூடினீங்களா? சரி, வச்சிடறேன்." மறுபடியும் போன். "பின்கதவு?" மூன்றாவது போனில் மனிதர் கத்துவது என் மேசைவரை கேட்கும்: "எல்லாத்தையும் மொத்தமா ஒரே தடவ கேட்டுத் தொலையேன்டி!" கல்லூரியில் படிக்கும் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தவள், "நான் பொட்டிக்குள்ள கெடந்தப்ப அம்மா கேட்ட கேள்வியில அந்த நர்ஸ் வேலையையே விட்டுட்டுப் போயிட்டாங்களாம்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் புதுப் பெட்டி ஓர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே இருந்த பெட்டிகள் எல்லாம் நிரம்பிவிட்டன, இன்றைக்கே அனுப்புங்கள் என்று காலையிலிருந்து போன் மேல் போன். அக்கா எல்லாவற்றையும் வரிவரியாக ஓட்டிப் பார்த்தாகிவிட்டது, எல்லாம் சரி. நிரலைக் கம்பைல் செய்து பெட்டியில் ஏற்றினோம். உள்ளே குழந்தைக்குப் பதிலாக ஒரு ரப்பர் பொம்மை. பெட்டியில் வெப்பத்தைக் காட்டும் எண் முப்பத்தாறுக்கு வந்தது. முப்பத்தேழு. அதோடு நிற்க வேண்டும். முப்பத்தெட்டு என்றது பெட்டி. முப்பத்தொன்பது. மேலாளர் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"இங்க ஓடுச்சே. கண்ணால பாத்தேனே" என்று அக்கா சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

காரணம் அந்த மூடாத விண்டோவிலேயே, வெகு மேலே கிடந்தது. வாரத் தொடக்கத்தில், உச்ச வெப்பம் முப்பத்தேழு என்று அக்கா அதில் ஒரு வரி தட்டியிருக்கிறார். தட்டியதோடு சரி, நிரலில் அதை எழுதவில்லை. இன்டர்பிரிட்டர் அதை நினைவில் வைத்துக்கொண்டு வாரம் முழுக்க ஒழுங்காகவே பதில் சொல்லிவந்திருக்கிறது. கம்பைலருக்கு அந்தப் பேச்சுவார்த்தை எதுவும் தெரியாது. எண் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு பெரிய குப்பை எண் கிடக்க, பெட்டி அதை எட்டிப் பிடிக்கக் கிளம்பிவிட்டது.

அக்கா விடுபட்ட வரியை நிரலில் எழுதினார். பிறகு அந்த விண்டோவை மூடினார். புதிதாகத் திறந்து, நிரலை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டினார். மறுபடி மூடினார், மறுபடி ஓட்டினார். வேறெதுவும் விடுபடவில்லை. கம்பைலர் ஓடத் தொடங்கியதும் யாரும் காபிக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனை மேலாளர் எடுக்கவும் இல்லை.

பெட்டி மறுபடி சூடேறத் தொடங்கியது. அக்கா வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். நர்ஸ்கள் கையை நுழைக்கும் துவாரத்தைத் திறந்து, பொம்மையின் பக்கத்தில் தன் கையை வைத்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. முப்பத்தாறு. முப்பத்தேழு. எண் அங்கேயே நின்றது. வெகுநேரம் நின்றது.

"போதும்மா, நின்னுடுச்சு. கைய எடுங்க, வண்டி காத்திருக்கு" என்றார் மேலாளர்.

அக்கா முழங்கைவரை கையை உள்ளே விட்டுக்கொண்டார்.