இரண்டு வீட்டு இன்சுலின்

தாகம்தான் முதலில் வந்தது. ஒட்டன்சத்திரத்தில் என் வாடகை வீட்டில், ஒரு சனிக்கிழமை மதியம், என் மகள் யாழினி இரண்டு லிட்டர் பாட்டிலை நின்ற நிலையில் காலி செய்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. சித்திரை வெயில்தானே என்று விட்டுவிட்டேன். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் பாட்டிலைத் தூக்கினாள்.

"இம்புட்டு தண்ணியக் குடிச்சா சோறு எங்க போகும்?" என்று அதட்டினேன்.

"தொண்ட காயுதுப்பா" என்றாள்.

எனக்கும் அவள் அம்மா கவிதாவுக்கும் விவாகரத்தாகி அப்போது ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. பள்ளி நாட்களில் யாழினி திண்டுக்கல் நாகல் நகரில் அம்மாவிடம் இருப்பாள். சனி, ஞாயிறு என்னிடம். கவிதா ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. நான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை ஒன்றில் கணக்கு எழுதுபவன். எத்தனை மூட்டை, என்ன விலை, எவ்வளவு கழிவு என்று நாள் முழுக்கப் பட்டியல் போடுவது என் வேலை. பட்டியலில் இல்லாதது நடக்கவே இல்லை என்று நம்பும் புத்தி எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

நான் தாகத்தைப் பார்த்தேன். கவிதா பிள்ளை இளைப்பதைப் பார்த்திருக்கிறாள். சீருடையின் தோள் சரிந்து வந்ததாம். அப்பா வீட்டில் இரண்டு நாள் கண்டதையும் வாங்கிக் கொடுத்து வயிற்றைக் கெடுத்து அனுப்புகிறார் என்று அவள் நினைத்தாள். அங்கே நேரத்துக்குச் சோறு போடுவதில்லை என்று நான் நினைத்தேன். ஒரே வீட்டில் இருந்திருந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஒரே வாரத்தில் டாக்டரிடம் போயிருப்போம். நாங்கள் போனது ஆறாவது வாரம். அதுவும் பள்ளியில் அவள் வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்த பிறகு.

இரத்தத்தில் சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியிருந்தது. கீட்டோஅசிடோசிஸ் (இன்சுலின் இல்லாததால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, இரத்தத்தில் அமிலம் கூடிவிடும் நிலை) என்றார்கள். நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. அந்த நீண்ட வராந்தாவில் கவிதா ஒரு கோடியில் உட்கார்ந்தாள், நான் மறு கோடியில். என்னால் உட்கார முடியவில்லை. மருந்துக் கடைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

குழந்தைகள் மருத்துவர், நடுத்தர வயதுப் பெண்மணி, எங்கள் இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். டைப் 1 நீரிழிவு (கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும் நோய்) என்று சொன்னார். இனிப்புத் தின்றதால் வந்ததல்ல, வளர்ப்பால் வந்ததல்ல, இதில் யார் மேலும் குற்றம் இல்லை என்றார். எங்கள் இருவருக்கும் அது ஏமாற்றமாக இருந்தது. இன்று அதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

சாப்பாட்டுக்கு முன் மூன்று ஊசி, இரவு ஒன்று, விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பது நாளைக்கு ஐந்தாறு முறை. ஆயுசுக்கும். டிஸ்சார்ஜ் ஆன அன்று பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, கோர்ட்டில் நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளின் வாசகத்தை நினைத்துக்கொண்டேன். குழந்தையின் மருத்துவச் செலவை இருவரும் சரிபாதியாக ஏற்க வேண்டும் என்று இருந்தது. சளி, காய்ச்சல், பல் பிடுங்குவது என்று நினைத்துப் போட்ட கையெழுத்து அது.

உங்களில் சிலர் இதே நிலையில் இருப்பீர்கள். எங்கள் ஏற்பாடு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். பார்த்துச் சிரித்துவிட்டு, வேறு விதமாகச் செய்யுங்கள்.

யார் மருந்து வாங்கினாலும் பில்லை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். மற்றவர் பாதியை அனுப்பிவிட வேண்டும். அவ்வளவுதான். என் போனில் கவிதாவின் எண்ணை 'யாழினி பில்' என்று பதிந்து வைத்திருந்தேன். அனுப்பும் பணத்தில் ஐம்பது பைசாவைக்கூட விட்டுவைக்க மாட்டேன். சர்க்கரை இல்லாத பிஸ்கட்டுக்குப் பாதி கேட்டாள், அது மருந்தல்ல என்று மறுத்தேன். குளுக்கோஸ் பொடிக்குக் கேட்டாள். அது மளிகைக் கடை துண்டுச் சீட்டு, முறையான பில் அனுப்பினால் பார்க்கலாம் என்றேன். ஒருநாள் அவள், 'நேற்று ஸ்கூலில் சுகர் இறங்கிவிட்டது, கவனிக்கவும்' என்று எழுதினாள். 'இதில் பில் மட்டும் அனுப்பவும்' என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு அவள் பில்லைத் தவிர எதையும் அனுப்பவில்லை.

ஊசிப் பேனாவும் சர்க்கரை பார்க்கும் கருவியும் இரண்டு வீட்டிலும் தனித்தனியாக இருந்தன. அவள் வாங்கியதை நான் தொடமாட்டேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு பேக்கரி வாசலில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவாள். நான் பத்தடி தள்ளி நிற்பேன். அந்தப் பத்தடியை யாழினி பையை மாட்டிக்கொண்டு தனியாக நடந்து வருவாள். காலை ஊசியும் சாப்பாடும் என் பொறுப்பு. பதினோரு மாதம் இப்படியே ஓடியது.

அந்தச் சனிக்கிழமை கவிதா பட்டுச் சேலையில் வந்திருந்தாள். எங்கோ கல்யாணத்துக்குப் போகும் அவசரம். பிள்ளை நடந்து வந்ததும் வழக்கமான ஓட்டலுக்குக் கூட்டிப்போனேன். என் கருவியில் பார்த்தபோது 268 காட்டியது. வெறும் வயிற்றில் இவ்வளவா என்று பகீரென்றது. ராத்திரி ஊசியை ஒழுங்காகப் போட்டிருக்க மாட்டாள் என்று மனசுக்குள் கவிதாவைத் திட்டிக்கொண்டே, டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டவணைப்படி இரண்டைக் கூட்டி ஏழு யூனிட் போட்டேன். யாழினி வயிற்றைக் காட்டிக்கொண்டு அமைதியாக இருந்தாள்.

தோசை பாதிக்கு மேல் இறங்கவில்லை.

"ஊசி போட்டாச்சு, முழுசாத் தின்னாத்தான் ஆகும். சாப்பாட்டுல வெளையாடாத."

"வயிறு நெறைஞ்சிருச்சுப்பா."

"அரத் தோசையிலயா?"

இன்னும் இரண்டு விள்ளல் தின்றாள். பஸ் ஏறினோம்.

ரெட்டியார்சத்திரம் தாண்டும்போது மணி பத்து இருக்கும். என் தோளில் சாய்ந்திருந்தவளின் தலை கனத்தது. தூங்குகிறாள் என்று நினைத்தேன். என் சட்டை நனைந்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன். முகமெல்லாம் வியர்வை, உதடு வெளுத்து, கை நடுங்கிக்கொண்டிருந்தது. கூப்பிட்டதற்கு ஏதோ சொன்னாள், வார்த்தை குழறியது. ஹைப்போகிளைசீமியா (இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது). புத்தகத்தில் படித்ததுதான். இனிப்பு என்னிடம் ஒன்றுமில்லை. என் குளுக்கோஸ் வீட்டில் அலமாரியில் பத்திரமாக இருந்தது.

வேறு வழியில்லாமல் அவள் பையைத் திறந்தேன். அதுவரை ஒருமுறைகூட நான் திறந்ததில்லை. அது அந்த வீட்டுப் பை. மேலாக ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா இருந்தது. உள்ளே குளுக்கோஸ் பொடி. நான் பாதி தரமாட்டேன் என்ற அதே பொடி. அதன் மேல் மடித்து வைத்த ஒரு தாள், கவிதாவின் கரும்பலகைக் கையெழுத்தில்:

'பசிக்குது என்றாள். காலை 7.30க்கு 5 யூனிட் போட்டாச்சு. இட்லி 3. மறுபடி போட வேண்டாம்.'

அதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. பொடியைத் தண்ணீரில் குழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் வைத்தேன். விழுங்கினாள். (நினைவு தப்பிய குழந்தைக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். என் மகளுக்கு விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தது.) கண்டக்டர் விசிலடித்து பஸ்ஸை நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க, நீங்க எறங்கவே வேண்டாம். இப்படியே ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டுபோய் விட்டுர்றோம்" என்றார். டிக்கெட் எடுத்த ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அந்த பஸ்ஸில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் என் நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, அவ்வளவு பொடி கொடுத்த பிறகும் 46தான் இருந்தது. குளுக்கோஸ் டிரிப் ஏற்றினார்கள். நான் வராந்தாவுக்கு வந்து 'யாழினி பில்' என்ற எண்ணை அழுத்தினேன். விவாகரத்துக்குப் பிறகு நான் அவளை அழைப்பது அதுவே முதல் முறை. பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"சீட்டப் பாக்கலையா?" என்றுதான் முதலில் கேட்டாள். என் குரலிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பாக்கல" என்றேன்.

ஒரு மணி நேரத்தில் பட்டுச் சேலையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வாய்விட்டுச் சொல்லிருக்கணும். பத்தடி நடந்து வந்து சொல்லிருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். முன்பெல்லாம் 'என்னங்க' என்பாள். இப்போது என்னைக் கூப்பிட அவளிடம் ஒரு சொல்லும் இல்லை.

மதியம் யாழினி தெளிந்தாள். இரண்டு பேரும் கட்டிலின் இரு பக்கமும் நிற்பதை மாறி மாறிப் பார்த்தாள். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அம்மா ஊசி போட்டாச்சுன்னு ஏன் ஆத்தா அப்பாகிட்ட சொல்லல?"

போர்வையைக் கட்டைவிரலால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "அம்மா வீட்டுல நடந்தத சொன்னா உங்க மூஞ்சி மாறிரும்பா. உங்க வீட்டுல நடந்தத சொன்னா அம்மா மூஞ்சி மாறிரும். ஊசிதானேன்னு விட்டுட்டேன். அதான் தோசையும் கொஞ்சம் தின்னேன். தின்னா சரியாயிரும்னு நெனச்சேன்."

கவிதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். நான் எங்கே திரும்புவது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன். எங்கள் சண்டையைத் தடுக்க என் பிள்ளை இரண்டாவது ஊசிக்கு வயிற்றைக் காட்டியிருக்கிறாள். நான் அவளைத் தோசைக்காக அதட்டியிருக்கிறேன்.

சாயங்காலம் அங்கிருந்த டாக்டர், இளைஞர், எங்களை உட்காரச் சொன்னார். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதுல்லைங்களா?" என்று கேட்டார்.

"பில்லு அனுப்பிக்குவோம்" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று காதில் விழுந்தது.

"பில்லப் பாத்தா எவ்வளவு மருந்து வாங்குனீங்கன்னு தெரியுங்க. எவ்வளவு உடம்புக்குள்ள போச்சுன்னு தெரியாதுங்களே" என்றார். பட்டியல் எழுதியே வயிறு வளர்த்தவன் நான்.

பணம் கட்டும் இடத்தில் முழுத் தொகைக்கும் நானே கார்டை நீட்டினேன். கவிதா தடுத்தாள். "பாதி எனக்கு" என்றாள்.

"தப்பு என்னோடது. நானே கட்டிர்றேன்."

"தப்புலயும் பாதி எனக்கு. சும்மா இருங்க."

அன்றைக்கு அவள் தந்த பாதியை வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகும் பில் பாதிப் பாதிதான். பழையபடி சேர்ந்து வாழப் போகிறோம் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம், அந்தக் கதை முடிந்துவிட்டது. ஒரே ஒரு மாற்றம். இப்போது ஒரே கருவி, ஒரே டப்பா, ஒரே நோட்டு. மூன்றும் யாழினியோடு பஸ் ஏறும். பஸ் ஸ்டாண்டில் அந்தப் பத்தடி இல்லை. கவிதா பேக்கரி வாசலிலிருந்து என் பக்கம் வந்து நின்று, எத்தனை மணிக்கு எத்தனை யூனிட், என்ன சாப்பிட்டாள் என்று வாயால் சொல்வாள். நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் சில வாரம் வகுப்பில் ஒப்பிப்பதுபோல் கூச்சமாக இருந்தது.

என் உடம்பு பழைய உடம்பாக இல்லை. காலை பத்து மணியானால் கடையில் விலை எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கை வியர்க்கிறது. யார் தோளில் சாய்ந்தாலும் எட்டிப் பார்க்கிறேன். நாள் என்பது எனக்கு இப்போது காலை, மாலை அல்ல. ஊசிக்கு முன் அரை மணி, ஊசிக்குப் பின் இரண்டு மணி. இரண்டு ஊசிக்கு நடுவில் நிம்மதியாக உட்கார இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்வேன் என்றும் தோன்றவில்லை.

போன சனிக்கிழமை அதே தடத்தில், ஜன்னலோரம் யாழினி. ரெட்டியார்சத்திரம் வந்ததும் என் கை தானாக அவள் நெற்றிக்குப் போயிற்று. காய்ந்திருந்தது.

"அப்பா, நேத்து அம்மா என்ன பண்ணாங்க தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தி, திரும்பி, என் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

விரலில் குத்திவிட்டு எண் வரக் காத்திருப்போமே, அந்த ஐந்து நொடிபோல் இருந்தது. நான் முகத்தை அசைக்கவில்லை.

பார்த்து முடித்துவிட்டு, மீதியைச் சொன்னாள்.