வெள்ளவத்தைத் தேநீர்ச் சாலையும் அதன் பாம் செடி வரிசையும்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருடம், பொங்கல் கழிந்த கையோடு நானும் என் மனைவி பரிமளமும் கண்டியிலிருந்து கொழும்புக்குப் போனோம். கோயிலுக்கோ கலியாணத்துக்கோ அல்ல, செடி பார்க்க. கண்டியில் எங்கள் தேநீர்க் கடையை ஒட்டியிருந்த அறை எங்கள் கைக்கு வந்திருந்தது. இரண்டையும் ஒன்றாக்கி, உள்ளே செடிகள் வைத்து, வெயிலில் வருகிறவர் நுழைந்ததும் மூச்சு விட்டு உட்காரும்படி செய்ய வேண்டும் என்பது பரிமளத்தின் ஆசை. கொழும்பில் கடைக்குள்ளேயே தோட்டம் போடுகிறார்கள் என்று அவளுடைய அண்ணன் சபாநாதன் சொல்லியிருந்தார். அவர் கோட்டையில் ஒரு கந்தோரில் கிளார்க், வீடு வெள்ளவத்தையில். இப்படியொரு கடை வைக்கும் யோசனையோடு கொழும்புக்குப் புறப்படுகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதத் தொடங்கினேன். எழுதும்போது கோபமும் கூடவே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை ரயிலில் ஏறினால் கடுகண்ணாவைச் சரிவைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம். இறங்கும்போது இடது பக்க ஜன்னலில் இடம் பிடியுங்கள். ஏறக்குறைய எழுபத்தைந்து மைல். மூன்றாம் வகுப்பில் கூட்டம் இருந்தாலும் காற்று உண்டு. நாங்கள் மத்தியானத்துக்கு முன் கோட்டை நிலையத்தில் இறங்கி, பெட்டியோடு நேரே புறக்கோட்டைக்கு நடந்தோம்.

அங்கே ஒரு முஸ்லிம் வியாபாரியின் புடவைக் கடையைக் கட்டாயம் பாருங்கள். கடை நீளம், நடுவில் இருட்டு. அந்த இடத்தில் கூரை ஓட்டைப் பிரித்துக் கண்ணாடி ஓடு போட்டு, அதன் கீழே கருங்கல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, சுற்றிலும் பெரணி என்கிற பன்னச் செடிகளையும் குரோட்டன்களையும் வைத்திருக்கிறார். பட்டுப் புடவையின் நிறம் பார்க்க வெளிச்சம் தேவை. அந்த வெளிச்சத்திலேயே செடியும் பிழைக்கிறது. எல்லாச் செடிகளும் எப்படி இவ்வளவு தெளிவாக நிற்கின்றன என்று பரிமளம் கேட்டாள். கொஞ்ச நாள் உள்ளே, கொஞ்ச நாள் பின்முற்றத்தில் என்று மாற்றி மாற்றி வைப்பதாகச் சொன்னார். “செடியும் கடையில வேலை செய்யிற ஆள் மாதிரித்தான். லீவு குடுக்காட்டி விழுந்திடும்” என்றார். எங்களுக்கு அவர் தந்த இஞ்சித் தேநீருக்குக் காசு வாங்கவில்லை.

அன்று பின்னேரம் கரையோர ரயிலில் வெள்ளவத்தைக்குப் போனோம். கோட்டையிலிருந்து ஆறு மைலுக்குள்தான். ரயில் கடலை ஒட்டியே போவதால் அந்தப் பயணமே ஒரு சுகம். சபாநாதன் நிலையத்துக்கு வந்திருந்தார். மறுநாள் சனிக்கிழமை. எல்லோரும் புகழ்ந்த அந்தத் தேநீர்ச் சாலைக்கு எங்களைக் கூட்டிப்போவதாகச் சொன்னார். காலி வீதியில் கடற்கரைப் பக்கமாக இருக்கும் அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. விளம்பரம் அவர்களுக்குப் போதுமான அளவு இருக்கிறது.

வாசலில் நின்றபோது எனக்கே வாய் அடைத்துவிட்டது. பொய் சொல்லக் கூடாது, அழகு அழகுதான். தென்னந்தும்பு நிரப்பிய கூடைகளில் பன்னச் செடிகள் தொங்கின. ஜன்னல் ஓரமாகக் கூழாங்கல் பரப்பி அதில் ஆம்பல் சட்டிகள். தூண்களில் கொடி. பிரம்பு நாற்காலிகள். மண்டபத்தின் குறுக்கே, பாதியாக அறுத்த மரப் பீப்பாய்களில், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த, பனை இனத்துப் பாம் செடிகள் நெருக்கமாக ஒரு வரிசை. கடற்காற்றில் எல்லாம் சேர்ந்து அசைந்தன. பரிமளம் என் கையைத் தொட்டு, நம்முடைய கடையில் எந்த மூலையில் எது என்று அப்போதே கணக்குப் போடத் தொடங்கிவிட்டாள்.

நான் வேட்டியும் கோட்டும் சால்வையும் அணிந்திருந்தேன். பரிமளம் சேலை. சபாநாதன் கந்தோருக்குப் போகிற காற்சட்டையும் கழுத்துப் பட்டியும். பரிசாரகர் வந்து சபாநாதனுக்கு ஜன்னலோர நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு எங்களைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், “நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம்” என்று பாம் செடிகளுக்குப் பின்னால் காட்டினார்.

நாங்கள் மூவரும் ஒன்றாக வந்தவர்கள் என்றேன். தெரியும் என்றார். வேட்டிக்காரருக்கும் அவர்களோடு வரும் பெண்களுக்கும் அந்தப் பக்கம்தான், வழக்கம் அப்படி என்றார். சபாநாதனின் முகம் கறுத்தது. அவர் ஜன்னலோரம் உட்காரவில்லை, எங்களோடு வந்தார்; ஆனால் தலை நிமிரவில்லை.

செடி வரிசைக்குப் பின்னால் வேறு உலகம். பிரம்பு நாற்காலி இல்லை, உட்காரச் சாய்மானமில்லாத பலகை வாங்கு. மின்விசிறி இல்லை. குசினிக் கதவு திறக்கும்போதெல்லாம் புகை முகத்தில் அடித்தது. முன்பக்கத்தில் பளபளத்த அதே ஓலைகள் இந்தப் பக்கத்தில் நுனி கருகி நின்றன. ஒரு முதியவர், புதுக்கடைக் கோர்ட்டுக்கு வழக்குக்காக வந்தவராக இருக்க வேண்டும், மடியில் கடதாசிக் கட்டு ஒன்றை வைத்துக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தேநீருக்கும் கேக்குக்கும் அந்தப் பக்கம் என்ன விலையோ அதே விலைதான் இந்தப் பக்கமும்.

நான் மனேஜரைக் கூப்பிட்டேன். எங்கள் ஆள்தான், தமிழர். முதலில் ஆங்கிலத்தில் தொடங்கினார். நான் தமிழிலேயே கேட்டதும் தமிழுக்கு வந்தார்.

“அது தடுப்பில்லை ஐயா, அலங்காரம். உங்களை ஆரும் வெளியில போகச் சொல்லேல்லையே.”

“போகச் சொல்லியிருந்தால் போயிருப்பன். இது இருக்கச் சொல்லி ஒளிச்சு வைக்கிறது” என்றேன்.

சபாநாதன் என் முழங்காலை அழுத்தினார். அவருடைய கந்தோர்ப் பெரியவர்கள் சிலர் முன்பக்கம் இருந்தார்கள். பரிமளம் தேநீரைத் தொடவே இல்லை. வெளியே வந்ததும் சொன்னாள்: “இவ்வளவு வடிவான மரத்தை வளர்த்தவைக்கு, இதுக்குத்தான் வைக்கினம் எண்டு தெரியுமோ?”

அந்தக் கேள்விதான் மறுநாள் எங்களைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனது. செடிகள் அங்கே ஒரு அம்மாவிடமிருந்து மாத வாடகைக்கு வருவதாகப் பரிசாரகர் சொல்லியிருந்தார். கோட்டைக்கு ரயிலில் போய் ரிக்சா பிடித்தோம்; ஐம்பது சதம் கேட்பார்கள், பேசினால் குறையும். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்ததால் ரிக்சா நகரவே நேரமாயிற்று.

அந்த அம்மாவான எமிலி அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. வீட்டுக்குப் பின்னால் கிடுகுப் பந்தலின் கீழே நூற்றுக்கணக்கில் சட்டிகள். கலியாண வீடுகள், கோயில் திருவிழா, கந்தோர்கள், ஹோட்டல்கள் என்று வாடகைக்கு அனுப்புகிறார், கேட்டால் விற்கவும் செய்வார். நல்ல கெட்டிக்காரி, பத்துச் சட்டிக்கு விலை பேசுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு முதல் நாள் நடந்ததைச் சொன்னேன். கோபத்தில், உங்கள் மரங்களை வைத்துத்தான் எங்களை மறைத்தார்கள் என்றும் சொல்லிவிட்டேன்.

அவருக்குச் சுருக்கென்று ஏறியது. “நான் சட்டி அனுப்புறனான். அத எங்க வைக்கிறதெண்டு எனக்கு என்ன தெரியும்? கரத்தைக்காரர் பின் கதவால இறக்கிப்போட்டு வாறார். நான் அந்த வாசல் மிதிச்சதே இல்ல.”

அவர் சொன்னது நியாயம். நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அவர் பேச்சை விடவில்லை. எந்தப் பக்கம் புகை என்று கேட்டார். குசினிப் பக்கம் என்றதும் எழுந்து போய், பந்தலின் மூலையில் கிடந்த ஒரு பாம் செடியைக் காட்டினார். ஒரு பாதி பச்சை. மறு பாதி கரி படிந்து கருகியிருந்தது. அந்த இடத்திலிருந்து திரும்பி வருவதெல்லாம் இப்படித்தான் வருகின்றன, தண்ணீர் ஊற்றுகிறவரின் கவனக்குறைவு என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன் என்றார். சட்டிகளைத் திருப்பி வைக்கச் சொல்லிப் பலமுறை ஆள் அனுப்பியும் அவர்கள் வைக்கவில்லையாம். ஏன் வைக்கவில்லை என்று இப்போது அவருக்கு விளங்கியது. கருகிய பக்கத்தை யாருக்கு விடுவது என்பதை அவர்கள் தீர்மானித்திருந்தார்கள்.

“நாளைக்கு நான் போய்ப் பாக்கிறேன்” என்றார். நாங்களும் பயணத்தை ஒத்திவைத்தோம்.

திங்கட்கிழமை எமிலி அக்கா கோயிலுக்குக் கட்டும் வெள்ளைச் சேலையில் வந்தார். அவர் யாரென்று அந்தப் பரிசாரகருக்குத் தெரியாது. அவரையும் எங்களையும் நேரே பின்னால் அனுப்பினார். தாம் வளர்த்த செடிகளுக்குப் பின்னால், பலகை வாங்கில் உட்கார்ந்து எமிலி அக்கா தேநீர் முழுவதையும் குடித்தார். கருகிய ஓலை ஒன்றைக் கையில் எடுத்து விரலால் துடைத்துப் பார்த்தார். காசைக் கொடுத்துவிட்டு மனேஜரிடம் போய்த் தாம் யாரென்று சொன்னார்.

மனேஜர் பதறி முன்பக்க நாற்காலி ஒன்றை இழுத்தார். எமிலி அக்கா அதைப் பார்க்கவே இல்லை.

“நாளைக்குக் காலம கரத்தை வரும். என்ட மரமெல்லாம் ஏத்தி விடுங்க.”

ஒப்பந்தம், முதலாளி, நட்டம் என்று மனேஜர் ஏதேதோ சொன்னார். எமிலி அக்கா வாசலை நோக்கி நடந்தார். வெளியே வந்த பிறகுதான், அது தம்முடைய பெரிய வாடிக்கை என்றும், கணவரிடம் இன்னும் சொல்லவில்லை என்றும் எங்களிடம் சொன்னார்.

மறுநாள் காலை இரண்டு மாட்டுக் கரத்தைகள் வந்தன. நானும் பீப்பாய்களுக்குத் தோள் கொடுத்தேன். எதிர்பாராத விதமாகச் சபாநாதனும் கந்தோருக்குப் போகிற வழியில் வந்து, காற்சட்டையோடு ஒரு பக்கம் பிடித்தார். அவரைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் ஜன்னலோரம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பீப்பாய் போனதும் மண்டபம் வெறும் கூடமாகிவிட்டது. பிரம்பு நாற்காலியில் இருந்தவர்களும் பலகை வாங்கில் இருந்தவர்களும் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முன்பக்கத்தில் ஒரு தம்பதி எழுந்து போனார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்து குடித்து முடித்தார்கள்.  அதைப் பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன்.

தீபாவளிக்குச் சபாநாதன் கண்டிக்கு வந்தபோது மீதியைச் சொன்னார். ஒரு வாரத்துக்குள் அந்த இடத்தில் பலகைத் தட்டி ஒன்று எழும்பிவிட்டது. மேலே இரண்டு காகிதப் பூக் கொத்து. அதை அலங்காரம் என்று சொல்லும் துணிவு மனேஜருக்கே வரவில்லையாம். சபாநாதன் பிறகு அங்கே போகவில்லை. அந்த முதலாளி போய்ச் சொல்லிக் கெடுத்ததில் எமிலி அக்காவுக்கு இன்னொரு கந்தோர் வாடிக்கையும் போயிற்று. திருவிழாக்களும் கலியாணங்களும்தான் அவரைத் தாங்கின. வீட்டில் சண்டை நடந்ததாம். ஆனாலும் அவர் அந்த இடத்துக்குச் செடிகளைத் திரும்ப அனுப்பவில்லை.

கடை வைக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். புறக்கோட்டையில் கண்ணாடி ஓடுகளின் விலையை விசாரித்துவிட்டுச் செடி வாங்குங்கள். வெளிச்சம் இல்லாத இடத்தில் எந்தச் செடியும் அழகாக இராது. பாம் செடியைக் குசினிக் கதவுக்கு எதிரே வைக்காதீர்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து கொண்டுவரும் சட்டிகளைச் சாக்கும் வைக்கோலும் சுற்றி ரயிலின் சரக்குப் பெட்டியில் போடுங்கள். பத்தில் ஒன்றுதான் எங்களுக்கு உடைந்தது. ஒரு செடியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அதன் பின்னால் யார் உட்காரப் போகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் கடையில் பரிமளம் எல்லாவற்றையும் சுவரோரமும் ஜன்னலோரமும் வைத்தாள். நடுவில் மேசை உயரத்துக்கு மேல் எதுவும் இல்லை. திறந்த முதல் மாதம், கோட்டுப் போட்ட ஒரு கனவான் வந்தார். எதிர் மேசையில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் பணிஸ் தின்றுகொண்டிருந்தது. மறைவாக ஓர் இடம் கிடைக்குமா என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு செடியையாவது நகர்த்தி வைக்கலாமே என்றார். பரிமளம் கல்லாவிலிருந்தபடியே, “அதுகள் வெளிச்சத்துக்காக அங்க நிக்குதுகள், ஐயா” என்றாள். அவர் போய்விட்டார். நாங்கள் கூப்பிடவில்லை.