வெட்ட வெட்ட வரும் இலைப்பேன்

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கத்தரி பிடிப்பதைவிட நன்றாகத் தெரிந்த தொழில் ஒன்று உண்டு, அது சந்தேகப்படுவது. பால் போடுகிறவரிடம் அக்கா ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் அன்று முழுக்க மாமாவின் முகம் தொங்கிப்போகும். தையல்காரர் சிரித்துப் பேசினார் என்பதற்காக அவரிடம் துணி கொடுப்பதையே நிறுத்தியவர். மற்றபடி நல்ல மனிதர். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அக்கா படிப்பாள்.

நாங்கள் மூவரும் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை பார்க்கிறோம். நான் வாசலில் வாட்ச்மேன். அக்கா செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறவள். கார் வரும் வழியின் இருபுறமும் நிற்கும் ஃபைகஸ் மரங்களைப் பந்து பந்தாக வெட்டி வைப்பது மாமாவின் பொறுப்பு. வேலை முடிந்ததும் கைகால் கழுவிக்கொண்டு ஜெனரேட்டர் அறைக்குச் சீட்டாடப் போய்விடுவார். அக்கா தனியாக டிவி பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் அந்த மரங்களின் நுனி இலைகள் நடுநரம்போடு மடிந்து, ஒட்டிய உறை மாதிரி மூடிக்கொண்டன. பச்சையில் செம்புள்ளிகள் வேறு. குடியிருப்புச் செயலாளர் எங்கிருந்தோ ஒரு பூச்சி நிபுணரை வரவழைத்தார். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்க வந்தவருக்கு அன்றே 'பூச்சிக்காரர்' என்று பெயர் வைத்துவிட்டோம்.

அவர் ஓர் இலையைப் பிரித்து, குழாயோடு பக்கத்தில் நின்ற அக்காவிடம் கண்ணாடியைக் கொடுத்தார். உள்ளே பேனாவால் கோடு கிழித்த மாதிரி மெல்லிய கறுப்புப் பூச்சிகள், கூடவே வெளிர்மஞ்சள் குஞ்சுகள்.

"இதுக்குப் பேரு இலைப்பேன். இது சாறு உறிஞ்சறதாலதான் இலை மடியுது. மருந்து அடிச்சாலும் மடிப்புக்குள்ள போகாது. மடிஞ்சதெல்லாம் கிள்ளி, பையில கட்டி அப்புறப்படுத்துங்க. மரம் செத்துப்போகாது, பாக்கத்தான் அசிங்கம்" என்றார்.

"இலைக்கும் பேனா?" என்று அக்கா சிரித்தாள். அவரும் சிரித்தார். போதாதா? மாமாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. பூச்சிக்காரர் போனதும் பெரிய கத்தரியை எடுத்து, மடிந்த இலை மடியாத இலை என்று பார்க்காமல் வரிசை முழுக்க மொட்டையடித்தார். என் காவலறையை ஒட்டிய மரத்தில் குளவிக்கூடு இருந்ததால் அதை மட்டும் தொடவில்லை. வீரத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

வெட்டிய இடமெல்லாம் தளதளவென்று தளிர் விட்டது. அந்தத் தளிரும் மடிந்தது. அக்கா செயலாளரிடம் போய்ச் சொல்ல, பூச்சிக்காரர் மறுபடி வந்தார். அன்று மாமா தோட்ட வேலைக்குச் சலவைச் சட்டையில் வந்து நின்றார். அக்காவின் வாளியைத் தூக்கினார், குழாயைச் சுருட்டினார், அவள் போன பக்கமெல்லாம் போனார். சாயங்காலம் சீட்டாடவும் போகவில்லை, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த ஆளு இன்னும் என்ன சொன்னான்?" என்று துருவித் துருவிக் கேட்டார். அக்கா விலாவாரியாகச் சொன்னாள். அதன் பிறகு வாரம் தவறாமல் அந்தக் கோபம் மரங்களின் தலையில் இறங்கியது. சீட்டாட்டமும் பழையபடி நடந்தது.

மூன்றாம் முறை வந்த பூச்சிக்காரர் குளவிக்கூட்டு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். அதில் ஓர் இலைகூட மடியவில்லை.

"எளசான இலையிலதாங்க இது வரும், முத்தினதுல வராது. மத்த மரங்களை எத்தனை நாளைக்கு ஒருதரம் வெட்றீங்க?" என்று மாமாவைக் கேட்டார்.

மாமா வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "எப்பவாவதுதான் சார். கத்தரியைத் தொட்டே ரொம்ப நாளாச்சு."

பச்சைப் பொய். எனக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். பூச்சிக்காரர் குழம்பிப்போய், "அப்ப அடுத்த மாசமும் வந்து பாக்கறேன்" என்று கிளம்பினார்.

நான் கேட்டைச் சாத்தும்வரைதான் மாமா பொறுத்தார். "ஏன் பொய் சொன்னே? நான் வெட்டறதாலதான் வருதுன்னு தெரிஞ்சா அந்த ஆளு இங்க வரவேண்டியதே இல்ல. அவன் வரணும்னுதானே சொன்னே?"

"ஆமா" என்றாள் அக்கா.

மாமா அப்படியே காவலறைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"குளவிக்கூட்டு மரத்துல வரலைங்கறத நான் எப்பவோ பாத்துட்டேன். உங்ககிட்ட வேணும்னேதான் சொல்லல. அவரு வந்துட்டுப் போற அன்னிக்குத்தான் நீங்க என்கூட இருக்கீங்க. பக்கத்துல உக்காந்து பேசறீங்க. மத்த நாள்ல நான் இருக்கேனா செத்தேனான்னு கேக்க ஆளு உண்டா?"

மாமா இழுத்தார். "அப்ப, அந்த ஆளு மேல..."

"அவருக்கு மீசை இருக்கா இல்லையான்னு கேட்டாக்கூட எனக்குச் சொல்லத் தெரியாது. அவரு வந்தா நான் உங்களைத்தானே பாத்துக்கிட்டு நிக்கறேன்."

"இருக்கு" என்றார் மாமா. "மெல்லிசா."