வால் முளைத்த புள்ளிகள்

நடந்தவை, வரிசையாக:

1. நான் வைத்த புள்ளிகளுக்கு வால் முளைத்தது.
2. பேனாவைக் குறை சொன்னேன். பேனாவில் குறை இல்லை.
3. எங்கள் தெரு டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று டானிக் எழுதினார். அம்மா செப்புச் சொம்பில் ஊற்றிவைத்த தண்ணீரைத் தினமும் குடிக்கக் கொடுத்தாள்.
4. கண் மருத்துவர் ஒருவர் என் கருவிழியின் ஓரத்தில் ஒரு வளையத்தைக் கண்டார்.
5. மாத்திரை தொடங்கியது. நான் முன்பைவிட மோசமானேன்.
6. தங்கை உஷாவின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அவளுக்கும் இதே நோய். ஆனால் அவளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

இந்த நோய் உள்ள வீட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு முதல் ஐந்தும் ஏறக்குறையத் தெரிந்திருக்கும். ஆறாவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பெங்களூரில், பீன்யாவில் ஒரு கருவி வடிவமைப்புக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். பெண்ணுக்கும் அதுதான் பதவியின் பெயர். ஈஜிபுரா வீட்டிலிருந்து இரண்டு பஸ். ஒரு வருடம் கம்ப்யூட்டர்கள் வந்தன, வரைபலகைகளை லாரியில் ஏற்றினார்கள். பேனா பிடிக்காமல் என் கை பரபரக்கத் தொடங்கியதால், பிரேசர் டவுனில் சனிக்கிழமை மதியம் நடந்த தாவர ஓவிய வகுப்பில் சேர்ந்தேன்.

எஸ்தர் மிஸ் ஒரு கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர். வயது நாற்பது இருக்கும். தன் வீட்டுக் கார் ஷெட்டில் எட்டுப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். செடியை அளந்து பென்சிலில் வரைய வேண்டும். பிறகு மை. நிழலுக்குக் கோடு கிடையாது, புள்ளிகள் மட்டும். பேனா செங்குத்தாக இறங்கி, செங்குத்தாக ஏற வேண்டும். கடைசியில் வண்ணம், பூ வாடுவதற்குள் நிறத்தைக் கலந்து ஒரு தாள் துண்டில் பூசி, இதழோடு வைத்து ஒப்பிட வேண்டும்.

முதல் நாள் என் இலையைப் பார்த்து மிஸ் சொன்னார்: "ரெண்டு பக்கமும் ஒரே அளவு. இது இலையா, ஸ்பேனரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது என் சிரிப்பு என் வசத்தில் இருந்தது.

அளவிலும் புள்ளியிலும் சீக்கிரமே முன்னுக்கு வந்தேன். ஒவ்வொரு படத்தின் கீழ் மூலையிலும் தேதி எழுதுவது மிஸ்ஸின் விதி. அந்தத் தேதிகளை வைத்துத்தான் இப்போது சொல்ல முடிகிறது: செம்பருத்தியில் புள்ளிகள் வட்டம். புங்க இலையில் வட்டம். நாகலிங்கப் பூவில் வால்.

ஒவ்வொரு புள்ளியும் வலப்பக்கம் மெல்லிய இழையாக இழுபட்டிருந்தது. என்னிடம் இரண்டு பேனாக்கள் இருந்தன. ஒன்று ஆபீசில் மேசையிலிருந்து விழுந்து முனை வளைந்தது. வளைவு கண்ணுக்குத் தெரியாது. புள்ளி வைத்தால் ஒவ்வொன்றும் வாலோடு வரும். அதைத்தான் மாற்றிக் கொண்டுவந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"டாட் வைக்கச் சொன்னா கமா வைக்கிற" என்றார் மிஸ்.

"பேனா சரியில்ல மிஸ்."

என் கையிலிருந்த பேனாவை வாங்கி, என் தாளின் ஓரத்தில் தானே நான்கு புள்ளிகள் வைத்தார். நான்கும் வட்டம்.

"பேனா நல்லாத்தாம்மா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த மாதங்களில் கையெழுத்து சுருங்கியது. பிறகு கை நடுங்கியது. பிறகு உதடுகள் பின்னால் இழுத்துக்கொண்டு அப்படியே நின்றன. மேலாளர் ஒரு வரைபடத்தைத் தூக்கிக் காட்டித் திட்டிக்கொண்டிருந்தபோது நடுவில் நிறுத்தி, "யாக்கம்மா நக்தீயா?" என்றார். எதற்குச் சிரிக்கிறாய் என்று கன்னடத்தில் கேட்கிறார். நான் சிரிக்கவில்லை. முகத்தைத் திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவர முயன்றுகொண்டிருந்தேன்.

பெரிய மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில், எங்களை முதலில் கண் பிரிவுக்கு அனுப்பினார்கள். கை நடுங்கினால் கண்ணை ஏன் பார்க்கிறார்கள் என்று அப்பா நடைபாதை முழுக்க முணுமுணுத்தார். கண் மருத்துவர் பிளவு விளக்கு (மெல்லிய ஒளிக்கீற்றைப் பாய்ச்சிக் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வழியாகப் பார்த்தார். மாணவர்களைக் கூப்பிட்டார். ஒருவர் பின் ஒருவராக வந்து பார்த்தார்கள். ஒரு பெண், "பியூட்டிஃபுல் சார்" என்றாள்.

"என்ன கலர்?" என்று கேட்டேன்.

"பிரவுன் மாதிரி. கொஞ்சம் பச்சை."

"பொன் கலந்த பழுப்பா, ஆலிவ் பச்சையா?"

"பெயிண்டரா நீங்க?" என்று சிரித்தார் டாக்டர். நிறத்தைச் சொல்லாமலே சீட்டை எழுதினார். எங்களைப் போன்ற கறுத்த கண்களில் அந்த வளையம் கண்ணாடியில் பார்த்தால் தெரியாது. என் உடம்பில் இருந்த ஒரே நல்ல நிறத்தை நான் மட்டும் பார்த்ததில்லை.

வில்சன் நோய் (உணவில் வரும் செம்பை வெளியேற்ற முடியாமல் ஈரலிலும் மூளையிலும் கண்ணிலும் சேர்த்துவைக்கும் பரம்பரை நோய்) என்றார் நரம்பியல் டாக்டர். செருலோபிளாஸ்மின் (ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதம்) மிகக் குறைவு. சிறுநீரில் செம்பு மிக அதிகம்.

அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். "நான் தெனம் செப்புச் சொம்புலதான் டாக்டர் தண்ணி குடுத்தேன். ஒடம்புக்கு நல்லதுன்னு."

"அதனால வந்ததில்லம்மா. பிறக்கும்போதே இருக்கறது. ஆனா இனிமே குடுக்காதீங்க."

அம்மாவின் காதில் இரண்டாவது பாதி மட்டும்தான் விழுந்தது.

"சொந்தத்துல கல்யாணமா?" என்றார் டாக்டர்.

"அவரு எங்கம்மாவோட தம்பி. தாய்மாமன்" என்றாள் அம்மா. அப்பா சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். டாக்டர் ஒரு தாளில் வட்டங்கள் வரைந்து காட்டினார். பெற்றோர் இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரு பழுது. இரண்டும் சேர்ந்தால் பிள்ளைக்கு நோய். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு.

"வேற பிள்ளைங்க?"

"ஒருத்தி. அவ நல்லா இருக்கா டாக்டர்."

"நல்லா இருக்கறவளத்தான் கூட்டிட்டு வரணும்."

எனக்குப் பெனிசிலமின் (செம்பைப் பிடித்துச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்து) தொடங்கியது. வெறும் வயிற்றில், ஆயுள் முழுக்க. டாக்டர் முதலிலேயே எச்சரித்தார்: வெளியேறும் செம்பு போகிற வழியில் மூளையைக் கலக்கலாம், சிலர் முதலில் மோசமாவார்கள், அவர்களில் சிலர் திரும்பி வருவதில்லை. இதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்றால் நான் சொல்கிறேன்.

நான் மோசமானேன். பேச்சு குழறியது. கரண்டி வாய்க்கு வரவில்லை. எச்சில் நிற்கவில்லை. அப்படியும் வகுப்புக்குப் போனேன், உஷா ஆட்டோவில் கொண்டுவந்து விடுவாள். தூரிகையை இரண்டு கைகளாலும் பிடித்து அந்த நாகலிங்கப் பூவுக்கு வண்ணம் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, ஒரு சொட்டு எச்சில் இதழின் ஈர வண்ணத்தில் விழுந்தது. சிவப்பு விலகி, வெளிறிய ஒரு வட்டம் விரிந்தது. அந்த வருடம் நான் உண்டாக்கிய ஒரே நேர்த்தியான வட்டம் அதுதான்.

பக்கத்து நாற்காலிப் பெண் தன் தாளைத் தள்ளி வைத்துக்கொண்டாள். மிஸ் வந்து பார்த்தார். "தொடாத, காயட்டும்" என்றார். கிளம்பும்போது, "அடுத்த வாரம் வாயில கர்ச்சீஃப் கட்டிக்கிட்டு வா" என்றார். கட்டிக்கொண்டு போனேன். இரண்டு வாரங்களில் பக்கத்து நாற்காலி காலியானது.

இதையெல்லாம் உஷா பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கூரியர் ஆபீசில் வேலை, வாய் நிற்காது. அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவும் என்னுடையதைப் போலவே வந்தது. டாக்டர் அதே மாத்திரையை எழுதினார். அவள் பாட்டிலை ஜன்னல் மேல் வைத்துவிட்டுத் தொடவில்லை.

"இந்தா, நீ மாத்திரை போடறதுக்கு முன்னாடி நடந்த, பேசின. போட்ட பிறகு வாயில துணி கட்டிக்கிட்டிருக்க. உன்ன மாதிரி ஆகறதுக்கு நான் மாத்திரை வேற சாப்பிடணுமா?"

"உனக்கு... இன்னும்... மூளைக்குப் போகல" என்றேன். அந்த நான்கு சொற்களுக்கு நான் பட்ட பாடே அவள் கட்சிக்குச் சாட்சியாக இருந்தது.

"நல்லா இருக்கறவளுக்கு மருந்து குடுக்கற டாக்டர இப்பத்தான் பாக்கறேன்" என்றாள்.

அம்மா அழுதாள். அப்பா அதட்டினார். "அக்கா மகளக் கட்டிக்கிட்டு எங்களுக்கு இதக் குடுத்தீங்க. இப்ப மாத்திரை வேற நீங்க சொல்லி நான் சாப்பிடணுமா?" என்று அவள் கேட்டாள். அதன் பிறகு அப்பா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

டாக்டர் என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: அறிகுறி வருவதற்கு முன் தொடங்கினால் அவள் கை கடைசிவரை நன்றாக இருக்கும்; வந்த பிறகு தொடங்கினால் என்னைப் போல. அதற்குள் ஈரல் கெட்டுப்போனால் என்னைப் போலக்கூட மிஞ்ச மாட்டாள்.

என் படங்களைத் தேதி வரிசைப்படி தரையில் பரப்பினேன். லென்ஸைக் கொடுத்தேன். நாகலிங்கப் பூவின் தேதிக்கு வெகுநாள் கழித்துத்தான் மாத்திரை ஆரம்பித்தது. நோய் முதலில், மருந்து பிறகு. அவள் முழங்காலிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"சரி, உனக்கு வால் வந்துச்சு. எனக்கு வந்துச்சா? பேனாவக் குடு."

கொடுத்தேன். வரையும் பேனா பிடித்துப் பழகாத கை. ஆனாலும் செங்குத்தாக இறங்கி ஏறியது. ஒரு வரிசை வைத்தாள். லென்ஸில் பார்த்தேன். எல்லாம் வட்டம்.

"எப்படி? மிஸ்கிட்ட காட்டு, பரிசு குடுப்பாங்க" என்று என் கன்னத்தைத் தட்டினாள்.

அது அவளுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. சனிக்கிழமை காலை, ஆட்டோ பிடிக்கும் முன், "வா, பரீட்சை எழுதறேன்" என்று உட்கார்ந்து ஒரு வரிசைப் புள்ளிகள் வைப்பாள். வட்டங்கள். பாட்டில் ஜன்னல் மேலேயே இருந்தது. அந்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று பட்டியல் போட்டேன். கெஞ்சுவது, மிரட்டுவது, சோற்றில் கலப்பது (வெறும் வயிற்றில் வேண்டும், பயன்படாது), வாலுக்காகக் காத்திருப்பது. எதுவும் தேறவில்லை. பிறகு, பெட்டியின் அடியில் கிடந்த இன்னொரு பேனா ஞாபகம் வந்தது.

அடுத்த சனிக்கிழமை அவளிடம் முனை வளைந்த பேனாவைக் கொடுத்தேன்.

இரண்டு புள்ளிகள் வைத்ததும் நிறுத்தினாள். மூன்றாவதை மெதுவாக வைத்தாள். தாளைத் திருப்பி வைத்து முயன்றாள். தரையில் உட்கார்ந்து முயன்றாள். எல்லாப் புள்ளிகளுக்கும் வால் இருந்தது.

"அக்கா. லென்ஸ் குடு."

கொடுத்தேன்.

"நீ பாரு. எனக்குச் சரியாத் தெரியல."

"வால்தான்" என்றேன். அந்தச் சொல் மட்டும் அன்று குழறாமல் வந்தது.

அவள் கையை நீட்டிப் பார்த்தாள். கை நடுங்கவில்லை. எனக்கும் வால்தான் முதலில் வந்தது, நடுக்கம் பிறகு. அதனால் இன்னும் பயந்தாள். சமையலறைக்குப் போய் அம்மாவிடம், "இன்னிக்கு எனக்கு டிஃபன் வேணாம், அப்புறமா சாப்பிடறேன்" என்றாள். ஜன்னல் மேலிருந்து பாட்டில் இறங்கியது.

நான் அதோடு விடவில்லை. ஒரே வாரத்தில் வால் போனால் ஒரே வாரத்தில் மருந்தை நிறுத்திவிடுவாள். ஆகவே பல வாரங்கள் வளைந்த பேனாவையே கொடுத்தேன். பிறகு இரண்டையும் மாற்றி மாற்றி. கடைசியில் நல்லதை மட்டும். "மருந்து வேலை செய்யுதுக்கா" என்று அவள் அழுதாள். ஒரு சோதனையை எப்படித் திட்டமிட வேண்டும் என்பது எனக்கு டிப்ளமாவில் சொல்லிக்கொடுக்கப்பட்டது.

மருந்து அவளை மோசமாக்கவில்லை.

இப்படிச் செய்யுங்கள் என்று சொல்ல வரவில்லை. நான் செய்தேன், அவள் விழுங்கினாள், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் வளைந்த பேனா இருக்காது. என்ன இருக்கிறது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன் அவளிடம் சொல்லியாக வேண்டும் என்பதால் போன வாரம் அவள் வீட்டுக்குக் காலையிலேயே போனேன். சமையலறையில் நின்றபடி நான் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"அந்தப் பேனா இருக்கா?"

பையிலிருந்து இரண்டையும் எடுத்துக் கொடுத்தேன். காலண்டர் தாளின் பின்பக்கம் ஒன்றால் ஒரு வரிசை, மற்றதால் ஒரு வரிசை. வால். வட்டம். நெடுநேரம் பார்த்தாள்.

"நாயே" என்றாள். "எத்தன மாசம் தெரியுமா? பஸ்ல கம்பியப் பிடிச்சா கைதான் ஆடுதோன்னு பாப்பேன். கல்யாணத்துல தாலி கட்டும்போது என் கையத்தான் பாத்துட்டு இருந்தேன், அவர் மூஞ்சியக்கூடப் பாக்கல. நீ பக்கத்துலயே நின்னு சிரிச்சுட்டு இருந்த."

"அது சிரிப்பில்ல."

"தெரியும். அதனாலதான் அறையாம விடறேன்."

பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இரு. மாத்திரை போட்டுட்டு வந்து மிச்சத்தத் திட்டறேன். டிஃபனுக்கு முன்னாடி போடணும்."

இப்போதைய நிலை இது. நான் நடக்கிறேன், தனியாகப் பஸ் ஏறுகிறேன். ஃபோனில் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. எச்சில் நின்றுவிட்டது. சிரிப்பு பாதி என்னுடையது. வலது கை நடுங்குகிறது, இதற்கு மேல் சரியாகாது என்கிறார் டாக்டர். வரைபட வேலை போய்விட்டது. வகுப்புக்குப் போகிறேன், மை தொடுவதில்லை, மற்றவர்களின் பூக்களுக்கு நிறம் கலந்து தருகிறேன், அதற்கு நடுங்காத கை தேவையில்லை. என் நாளில் காலை, மதியம், மாலை கிடையாது. வயிறு காலியாக இருக்கும் நேரம், காலியாக இல்லாத நேரம், இரண்டுதான்.

உஷாவின் கை நடுங்கவில்லை. மாத்திரையைத் தவறவிடுவதில்லை. அன்றைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.